யார் யாரோ கழற்றிப் போட்ட டைகள்

ஈரத்துணியைப் போட்டுத்தான் தேய்க்க வேண்டும், நேராகச் சூடு படக்கூடாது, அழுத்தக்கூடாது, நடுவில் ஓடும் தையல் இழுபடக்கூடாது என்று இத்தனை கூடாதுகளையும் சொல்லிவிட்டு ஞானசம்பந்தம் கூடத்து நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டார். தேய்க்கிறவள் அவர் மனைவி மங்கையர்க்கரசி. சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக் கை ஈரம் காய்வதற்குள் ஆரம்பித்த வேலை, கட்டில் மேல் இன்னும் ஒரு குவியல் கிடக்கிறது. பட்டு, பாலியஸ்டர், பின்னல், கோடு போட்டது, புள்ளி போட்டது, ஒன்றில் வரிசையாக யானை. ஒன்றுகூட இவர் கடைக்குப் போய் வாங்கியதில்லை. எல்லாம் யார் யாரோ கழற்றிப் போட்டது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக வாழ்நாள் பூராவும் திருச்சி, கரூர், புதுக்கோட்டை என்று பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்த மனுஷன். காத்துக் கிடக்கும்போது பக்கத்தில் இருப்பவனிடம் பேச்சுக் கொடுப்பார். டை கட்டறதை விட்டுட்டீங்களா, ஏன் விட்டீங்க, அந்தக் கடைசி டை வீட்டில் இருக்கிறதா, எனக்குத் தருவீங்களா. மூக்கில் விரல் வைத்துக்கொண்டே தந்துவிட்டுப் போனார்கள். சில பேர் தபாலில் அனுப்பினார்கள். அத்தனையும் வந்து உட்கார்ந்தது அவள் பீரோவில். அவள் கல்யாணப் புடவையும் மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவையும் பரண்மேல் சூட்கேஸில் பாச்சை உருண்டையோடு கிடக்கின்றன; முகம் தெரியாத ஆம்பளைகளின் கழுத்துத் துணிகள் கண்ணாடி வைத்த பீரோவில் கம்பியில் தொங்குகின்றன. தெருவில் அவளுக்குப் பேரே டை வீட்டம்மா. காய்கறி வண்டிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். தேவாரம் பாடிய ஊரில் பெரியவர்கள் தேடி வைத்த பேர் என்ன, கடைசியில் நிலைத்த பேர் என்ன.

அடுத்தது கன்றுக்குட்டி டை. இதை அவள் எப்போதும் இரண்டு விரல் நுனியால்தான் எடுப்பாள். மாட்டுத் தீவனம் விற்க வந்த ஒரு பையன், மணப்பாறைப் பக்கம் ஒரு தொழுவத்தில் பசு கன்று போட முடியாமல் தவிக்கும்போது போய் மாட்டிக்கொண்டானாம். கயிறு வழுக்குகிறது, சாக்கு வழுக்குகிறது, இவன் டையைக் கழற்றிக் கன்றின் முன்னங்காலில் சுற்றி இழுத்தானாம். கன்று வந்து விழுந்தது. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டான், இப்போது பால்பண்ணை வைத்திருக்கிறான். கதை நல்ல கதைதான், யார் இல்லை என்றது. அந்தக் கறை போகக்கூடாது, கறைதான் கதை என்று சொல்லித் துவைக்காமல் இத்தனை வருஷம் வைத்திருப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஈரத்துணி மேல் சூடு பட்டதும் மெல்ல ஒரு வாடை எழும்பியது. கன்று போட்ட வாடையா பழைய வேர்வையா என்று தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். ஊர் பேர் தெரியாத ஒருத்தன் இழுத்த கன்றுக்கு எந்தக் கால் முதலில் வெளியே வந்தது என்பது வரைக்கும் இவருக்கு நினைவிருக்கும். பெண்டாட்டிக்குப் பித்தப்பை அறுவை நடந்தது எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டால், அதான் அந்த மாடி வச்ச ஆஸ்பத்திரி என்பார். மாடி வைக்காத ஆஸ்பத்திரி எது. "துணி போட்டுத் தேய்க்கிறியா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "போட்டுத்தாங்க தேய்க்கிறேன்" என்றாள். கொஞ்ச நேரத்துக்கு முன்பும் இதைத்தான் கேட்டார், இதைத்தான் சொன்னாள். அதற்கு முன்பும். கேட்டதை மறந்து கேட்கிறாரா, பதிலை நம்பாமல் கேட்கிறாரா. நம்பாமல் கேட்டால் தேவலை. வாழ்நாள் பூராவும் அவர் அப்படித்தான், அடுப்பை அணைச்சியா, கதவைத் தாழ் போட்டியா என்று, அதெல்லாம் புதுசில்லை. புதுசில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் கொஞ்சம் குறைக்கப் பார்த்தாள். இது வேறு, இந்தக் குமிழைத் திருப்பினால் ஒரேயடியாக அணைந்துவிடும், திருப்பிப் போட்டால் கருகும், நடுவில் நிற்கவே தெரியாத பெட்டி.

குவியலில் கை விட்டதும் முடிச்சு டை வந்தது. நீலப் பட்டு. இதை எப்படித் தேய்ப்பது என்று யாராவது வந்து சொன்னால் புண்ணியமாகப் போகும். முடிச்சை அவிழ்க்கக்கூடாது. அறந்தாங்கிக்காரர் ஒருத்தர் வெளிநாட்டு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, விமான நிலையத்துக் கழிப்பறையில் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டத் தெரியாமல் விழித்தாராம். கை கழுவ வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் கட்டிவிட்டுக் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனாராம். வேலை கிடைக்கவில்லை. தலை வழியாகக் கழற்றி அப்படியே வைத்திருந்து அப்படியே கொடுத்தார். வாலை மட்டும் தேய்க்கலாம், முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு. விரல் சுட்டது. சுட்ட விரலை வாயில் வைத்தபோதுதான் போன ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. மாடி வீட்டுப் பரமேசுவரன் வந்திருந்தார். இவர் வழக்கம்போலப் பீரோவைத் திறந்து இந்த நீல டையை எடுத்து நீட்டி, "இதுல கன்னுக்குட்டியோட காலைக் கட்டி இழுத்தான் சார்" என்று ஆரம்பித்தார். அவள் அடுப்படியிலிருந்தே, "அது பச்சைக் கட்டம் போட்டதுங்க, இது விமான நிலையம்" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குத் தெரியும், அந்தக் கோபத்தோடு குடித்தனம் பண்ணிப் பழக்கம். அப்படிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் தூங்கி எழுந்தவன் ஜன்னல் வழியாக ஊரைப் பார்ப்பது போலப் பார்த்தார். பரமேசுவரன் நல்ல மனுஷர், காபி நன்றாக இருக்கிறதென்று சொல்லிப் பேச்சை மாற்றினார். அதற்கும் முந்தி ஒரு நாள் தில்லைநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்று போன் பண்ணினார். "மங்கை, நம்ம வீட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பணுமா, எதிர்ப் பக்கமா." அந்தத் தெருக்களில் எந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், எந்த நர்ஸுக்கு என்ன பிடிக்கும் என்று தலைகீழாகச் சொல்லக்கூடியவர். வெயில் அதிகம், தலை சுற்றியிருக்கும் என்று அவளே அவருக்குக் காரணம் சொல்லிக் கொடுத்தாள். ஆமாம் வெயில் என்றார். சித்திரை வெயில்தானே. எல்லாருக்கும்தானே அடிக்கிறது. எல்லாரும் வீட்டுக்குத்தானே வந்து சேர்ந்தார்கள்.

பெங்களூரிலிருந்து மகள் தேன்மொழி போனில், "ஒரு டாக்டர்கிட்ட காட்டும்மா" என்கிறாள். காட்டும்மாவாம். அவர் பார்க்காத டாக்டரா. டாக்டர்களைப் பார்ப்பதே பிழைப்பாக இருந்தவரை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது. உள்ளே நுழைந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, டாக்டர் எப்படி இருக்கீங்க, பையன் என்ன படிக்கிறான் என்று அவர்தான் விசாரிப்பார், அவர் உடம்பைப் பற்றி வாயே திறக்கமாட்டார். சொல்வது மகளுக்கு லேசு. நாளைக்கு ஓய்வூதியர் சங்கக் கூடத்தில் இந்த டைகளை வரிசையாகக் கயிறு கட்டித் தொங்கவிடப் போகிறார்கள். இவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் கதை சொல்ல வேண்டும், உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்கள் வேறு வருகிறார்களாம். எதுக்குங்க இந்த வயசில் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சின்னச் சின்னச் சீட்டில் எழுதி ஒட்டிவிடலாமே என்றும் சொல்லிப் பார்த்தாள். "சீட்டு ஒட்டுறதுக்கு இது என்ன மருந்துப் பாட்டிலா" என்றார். சரிதான், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. மூச்சை விட்டுக்கொண்டு சந்தன நிறத்து டை ஒன்றைத் தடவி நீட்டினாள். இது துறையூர் வாத்தியார், வகுப்பில் கட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று நிர்வாகத்தோடு சண்டை போட்டுத் தனியாக டியூஷன் ஆரம்பித்தவர். இந்தச் சாம்பல் நிறம், ஓட்டல் வரவேற்பில் நின்றுகொண்டிருந்த பையன், இப்போது வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறான். எனக்கு எதுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். கேட்காதே கேட்காதே என்று காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் நின்றாலும் ரசம் கொதிக்கிற சத்தத்தையும் தாண்டி வந்து விழுந்தவை. அவர் தலையிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்கிறது, வேண்டாம் வேண்டாம் என்ற இவள் தலையில் ஒன்றுகூட உதிராமல் நிற்கிறது. என்ன நியாயம் இது. நாளைக்கு அவர் ஓட்டல் பையனுக்கு டியூஷன் வைத்துக்கொடுத்து, வாத்தியாரைக் குடம் அடிக்கவிட்டால், நாலு பேர் வாயை மூடிக்கொண்டு சிரித்தால். பக்கத்தில் போய் நிற்கலாம். நின்று, இல்லைங்க அது வேற என்று எடுத்துக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். செய்யாவிட்டாலும் தெரிந்துவிடும். இன்னொன்றும் யோசித்தாள், யோசிக்க வேண்டாத ஒன்று. இவர் வாங்கி வந்ததில் கல்யாண வரவேற்புக்குக் கட்டின டை என்று ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்து வீட்டு மாப்பிள்ளை ஆசையாக ஒன்று கொண்டுவந்து கொடுத்தபோது, "இதுல என்ன கதை இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கழற்றி எறிந்துவிட்டுப் போய் எங்கேயாவது நன்றாக இருக்கிறவன் டைதான் வேண்டும். நன்றாக இருக்கிறானா என்று கேட்டு நிச்சயம் பண்ணிக்கொண்டுதான் வாங்குவார். அது என்ன அப்படி ஒரு பிடிவாதம் என்று பல தடவை எரிச்சல்பட்டிருக்கிறாள். எரிச்சலோடு நிறுத்திக்கொள்வாள், அதற்கு மேல் போகமாட்டாள்.

குவியல் குறைந்து மெத்தை விரிப்பு தெரிய ஆரம்பித்ததும் அடியில் மெரூன் நிறம் எட்டிப் பார்த்தது. வெள்ளைப் புள்ளி. கை நின்றது. இது பீரோவில் கம்பியில் தொங்காது, அடித்தட்டில் சுருட்டி வைத்திருப்பார். மொத்தமாக அள்ளிப் போட்டபோது வந்திருக்கிறது. வந்தவர்கள் யாராவது இதைத் தொட்டு இது யாருது என்றால் காதில் விழாதவர் போல அடுத்த டைக்குப் போய்விடுவார். அவள் தம்பி திருநாவுக்கரசுடையது. மெயின்கார்டு கேட் கடைவீதியில் அவளே கூடப் போய் எடுத்துக் கொடுத்தது. வீட்டில் அரசு என்று கூப்பிடும் அவன் படிப்பு முடித்துவிட்டுச் சும்மா இருந்தான், இவர்தான் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டார், தர்மபுரிப் பக்கம் போட்டார்கள். வாய் திறந்து பேசவே கூச்சப்படுகிற பிள்ளை. லீவில் வந்தவன் அடுப்படிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, காலையில இதைக் கட்டும்போதே யாரோ பின்னாலேருந்து கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கு. விட்டுடட்டுமா" என்றான். அவள் இவரிடம் சொன்னாள். "மாசக் கடைசி முடியட்டும், பேசிக்கலாம்" என்றார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த மாசக் கடைசியில் அவனுக்கு மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாகிச் சோறு இறங்காமல் லாட்ஜ் அறையில் படுத்தவன் யாருக்கும் சொல்லவில்லை. மாச ஆர்டர் பிடித்து முடிக்காமல் படுத்துவிட்டான் என்று அத்தானுக்குக் கெட்ட பேர் வருமே என்று நினைத்தானோ என்னவோ. பக்கத்து அறைக்காரர் பார்த்துப் போன் பண்ணி, இவர் ராத்திரி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கதவை லாட்ஜ்காரர்தான் திறந்துவிட வேண்டியிருந்தது. வேனில் கொண்டுவந்தார். காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு சட்டைப் பையிலிருந்து இந்த டையை எடுத்தார், சுருட்டி வைத்திருந்தார். பீரோவைத் திறந்து அடித்தட்டில் வைத்தார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பினால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று நின்றாள். அவர் திரும்பவில்லை. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அந்த மாசக் கடைசியைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சாப்பாடு, மகள் படிப்பு, தண்ணி வரி, உப்புக் குறைவு எல்லாம் பேசியாயிற்று. இதை மட்டும் பேசவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து மெரூன் டை மேல் விரித்தாள். இதுவும் தேய்க்க வேண்டியதுதானா, இதுவும் நாளைக்குக் கயிற்றில் தொங்கப் போகிறதா. தொங்கவிட்டால் பார். அப்போது சொல்லிவிடுவேன். கூட்டத்தில் வைத்துச் சொல்லிவிடுவேன்.

"துணி போட்டுத் தேய்க்கிறியா" என்றபடியே ஞானசம்பந்தம் உள்ளே வந்தார். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் விரித்த ஈரத்துணியை விலக்கி, மெரூன் டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். நாளைக்குப் பேசுவதற்குச் சொல்லிப் பார்க்கிறாராம். காலையிலிருந்து இப்படித்தான், ஒன்றை எடுத்து ஆரம்பிப்பார், அவள் இல்லைங்க அது வேற என்பாள், சரி என்று இன்னொன்றுக்குப் போவார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது நம்ம அரசு கட்டினது" என்றார்.

இஸ்திரிப் பெட்டியை அவள் நிமிர்த்தி வைத்தாள். இப்போதா, இந்தச் சாயங்காலத்திலா, அரைகுறை வேலைக்கு நடுவிலா.

"தர்மபுரி லாட்ஜ்ல காய்ச்சலாப் படுத்துட்டான். யாருக்கும் சொல்லலை. அழுத்தக்காரன்" என்றார் அவர், எதிரே கூட்டம் உட்கார்ந்திருப்பது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு. "நான் ராத்திரியே பஸ் ஏறிட்டேன். விடிஞ்சும் விடியாம போய்க் கதவைத் தட்டுறேன். ரெண்டு தடவை தட்டினேன். மூணாந்தரம் உள்ள தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சு வந்து திறந்தான். கண்ணெல்லாம் மஞ்சள். என்னைப் பார்த்ததும் இந்த டையைக் கையில குடுத்து, அத்தான், எனக்கு இது வேண்டாம் அத்தான்னான். சரிடா, வேண்டாம்னா விட்டுடு, கிளம்புன்னேன். அங்கேயே ஒரு டாக்டர்கிட்ட காட்டிக் கையோட கூட்டிட்டு வந்துட்டேன். அப்புறம் அவன் ஓசூருக்குப் போயிட்டான். ரோஜாத் தோட்டம் வச்சான். மலை மேல இருக்கிற மாதிரி குளிரு. லாரி லாரியாப் பூ ஏத்துறான்."

ஓசூர் ரோஜாத் தோட்டம் அரசுடையது இல்லை. வேலூர்க்காரர் ஒருத்தருடையது, பச்சைப் பின்னல் டை, சற்று முன்னால்தான் தேய்த்து மடித்து நாற்காலி மேல் வைத்தாள், இங்கிருந்து கை நீட்டினால் எட்டும். அவர் அனுப்பின புகைப்படம்கூட அவளுக்கு நினைவிருக்கிறது. இல்லைங்க, அது வேற. நாக்கு நுனியில் வந்து நின்றது. காலையிலிருந்து பழகின வார்த்தை, தானாக விழப் பார்த்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த முகம் இல்லை. ஊரைத் தொலைத்த முகம் இல்லை. கதவு திறந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் முகமாக இருந்தது. எத்தனை தடவை தட்டியிருப்பார் அந்தக் கதவை. இவள் அடுப்படியில் திரும்பி நின்ற நாளிலிருந்து ஒவ்வொரு டாக்டர் வாசலிலும், ஒவ்வொருத்தனிடமும், நீ விட்டுட்டியா, நல்லா இருக்கியா என்று. சே, என்ன மனுஷன் இவர். வாய் விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன. தான் சொல்லியிருந்தால்தான் என்ன. எரிச்சல் வந்தது, இந்த வயதில் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாத எரிச்சல். சுவரில் சுவிட்சை அணைத்தாள். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில், தேய்த்த டைகள் நசுங்கினாலும் நசுங்கட்டும் என்று உட்கார்ந்தாள்.

அவர் டையின் வெள்ளைப் புள்ளிகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். கதை அதோடு நின்றுபோயிருந்தது.

"பாதியில நிறுத்தினா எப்படி" என்றாள் மங்கையர்க்கரசி. "அவனுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா. அதைச் சொல்லுங்க."

"ஆகாம என்ன" என்றார் அவர். "ரெண்டும் பொண்ணு."

"பேரு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். எங்கேயோ போய் எடுத்துக்கொண்டு வந்தது போல நிமிர்ந்தார். "மூத்தவளுக்கு உன் பேரைத்தான் வச்சிருக்கான்."

"முழுசாவா வச்சான்" என்றாள் அவள். குரல் அவளுக்கே பிடிபடவில்லை. "கொஞ்சமாவது யோசனை வேண்டாமா அவனுக்கு. பள்ளிக்கூடத்துல அந்தப் புள்ள எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும், அவ்வளவு நீளத்தை எழுதி எழுதி."

"சொன்னேனே" என்றார் அவர். "கேட்கணுமே."